வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால்: பதின்பருவப் பிள்ளையிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது

எனக்கு 14 வயதாக இருந்தபோது பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா வேலைக்குப் போயே ஆக வேண்டும், அப்பா வெளியூரில் இருந்தார். "பாட்டியை நீ பார்த்துக்கம்மா" என்று அம்மா சொன்னது ஒரே ஒரு வரி. மாத்திரை எடுத்துக் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ராத்திரி முனகல் கேட்டால் எழுந்து போவது, பாட்டி அழுதால் பக்கத்தில் உட்காருவது என்று இத்தனையும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வந்து பார்த்த உறவினர்கள் எல்லோரும் "பொறுப்பான பிள்ளை" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே, என்னால் முடியவில்லை என்று வாய் திறந்து சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இந்த வழிகாட்டியை அப்படிப்பட்ட வீடுகளில் இருக்கும் பெரியவர்களுக்காக எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்கிறது. அந்த வயதுப் பிள்ளைகள் நோயாளிக்கு உதவக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் எல்லோரும் தோள் கொடுக்கும்போது அவர்களை மட்டும் ஒதுக்கி வைத்தால், அது அவர்களுக்கு வேறு விதமான வலி. குடும்ப சிகிச்சையில் முன்னோடியான மனநல மருத்துவர் சால்வடார் மினுச்சின், பெற்றோரின் வேலையில் ஒரு பங்கை ஏற்கும் பிள்ளைகளைப் பற்றி நிறைய யோசித்தவர். எந்த வேலை, எதுவரை என்று பெற்றோர் தெளிவாகச் சொல்லி, வயதுக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் பிள்ளை அதில் வளரவும் செய்யும். எல்லை எதுவும் சொல்லாமல் பெற்றோர் கையை விட்டுவிடும்போதுதான் பிள்ளை நொறுங்குகிறது என்பது அவர் கண்டது. உதவி பிள்ளையுடையது, பொறுப்பு பெரியவருடையது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வரியை வீட்டில் எப்படி நடத்திக் காட்டுவது என்பதுதான்.

படி 1: ஒரு வாரம் நடப்பதை அப்படியே எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். ஏழு நாள், காலை முதல் மறுநாள் காலை வரை நோயாளிக்காக யார் என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று குறியுங்கள். உங்கள் நினைவிலிருந்து எழுதினால் போதாது, பிள்ளையிடம் கேட்டு எழுதுங்கள். "அவன் சும்மா பக்கத்தில்தான் இருப்பான்" என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவனிடம் கேட்டால் வேறு கணக்கு வரும்.

கண்ணுக்குத் தெரியாத வேலையும் அந்த நோட்டில் ஏற வேண்டும். கதவைச் சாத்தாமல், பாடல் கேட்காமல், அடுத்த அறைச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே படிப்பது வேலை. தம்பி தங்கையைக் குளிக்கவைத்து அனுப்புவதும் வேலை. மருத்துவர் சொன்னதைத் தாத்தாவுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது, அம்மா சோர்ந்து உட்காரும்போது சிரிக்க வைப்பது, வீட்டில் சண்டை வராமல் பேச்சை மாற்றுவது எல்லாமே வேலைதான். உடம்பால் செய்யும் பராமரிப்பு, மனதால் செய்யும் பராமரிப்பு என்று இரண்டு உண்டு. இரண்டாவதை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் பிள்ளையை அதிகம் அழுத்துவது பெரும்பாலும் அதுதான்.

வார முடிவில் கூட்டிப் பாருங்கள். தன் வயதுப் பிள்ளைகள் வீட்டில் வழக்கமாகச் செய்யும் கைவேலைக்கு மேல் எவ்வளவு வருகிறது? அந்த எண்ணைப் பார்த்தபிறகு அடுத்த படியில் உட்காருங்கள்.

படி 2: வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்

பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

முதல் வகை, பிள்ளை தனியாகச் செய்யக்கூடியவை. பேசித் துணையிருப்பது, வாசித்துக் காட்டுவது, கேட்டதை எடுத்துத் தருவது, மருந்துக்கடைக்குப் போய் வருவது, போர்வை மாற்றுவது, நோயாளி தானே நடக்கும்போது கூட நடப்பது இப்படி. 11 வயதுக்கும் 17 வயதுக்கும் இந்தப் பட்டியல் ஒன்றாக இருக்காது.

இரண்டாவது வகை, கற்றுக்கொடுத்தபிறகு, பெரியவர் வீட்டில் இருக்கும்போது செய்யக்கூடியவை. படுக்கையில் புரட்டுவது, நாற்காலிக்கு மாற்றுவது, ஊட்டிவிடுவது, பெரியவர் எடுத்து வைத்த மாத்திரையைக் கொடுப்பது, சர்க்கரை அளவைப் பார்த்து எழுதுவது.

மூன்றாவது வகை, பிள்ளை கையில் வரவே கூடாதவை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, அதனால் நேராகச் சொல்கிறேன்:

- இன்சுலின் எத்தனை யூனிட், வலி மருந்து இன்னும் ஒன்று கொடுக்கலாமா போன்ற அளவு முடிவுகள்.
- குளிப்பாட்டுவது, மலஜலம் சுத்தம் செய்வது, உள்ளாடை மாற்றுவது. பிள்ளைக்கும் கூச்சம், நோயாளிக்கும் அவமானம். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். வேறு வழியே இல்லாத வீட்டில்கூட அது தற்காலிகம் என்று தேதி குறித்து, மாற்று ஆள் தேட வேண்டும்.
- நோயாளியைத் தனியாளாகத் தூக்குவது. வளரும் முதுகு அது.
- புற்றுநோய்க்கான கீமோ மருந்தைத் தொடுவது. சிகிச்சை முடிந்து குறைந்தது 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், வாந்தி ஆகியவற்றிலும் அந்த மருந்து இருக்கும். அதைத் துடைப்பவர் கையுறை போட்ட பெரியவராக இருக்க வேண்டும்.
- தற்கொலை எண்ணம் உள்ளவரையோ, குடித்துவிட்டோ மனம் குழம்பியோ அடிக்க வருபவரையோ தனியாகக் காவல் காப்பது.
- இரவு முழுக்க விழித்திருக்கும் முறை.

பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த முறை மாமாவோ அத்தையோ வந்து "ஏன், இவ இருக்காளே" என்று சொன்னால், பதில் சொல்ல வேண்டியது பிள்ளை இல்லை. நீங்கள் காகிதத்தைக் காட்டுங்கள்.

படி 3: நோய் என்ன என்று சொல்லுங்கள்

நிறைய வீடுகளில் வேலையைக் கொடுத்துவிட்டு விஷயத்தை மறைத்துவிடுகிறார்கள். பிள்ளை ஒட்டுக் கேட்டும், இணையத்தில் தேடியும் தானே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். அந்தக் கதை நிஜத்தைவிடப் பெரும்பாலும் பயங்கரமானது.

நோயின் பெயர், அது உடம்பில் என்ன செய்கிறது, இனி எப்படி இருக்கலாம், மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள், இந்த நான்கையும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். அதோடு மூன்று விஷயங்களைப் பிள்ளை கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்: இது உன்னால் வந்தது இல்லை; இது உனக்குத் தொற்றாது (தொற்றும் நோய் என்றால் எப்படித் தற்காத்துக்கொள்வது என்று சொல்லுங்கள்); எங்களுக்கு ஏதாவது ஆனால் உன்னைப் பார்த்துக்கொள்ள இன்னார் இருக்கிறார்கள்.

மறதிநோய் உள்ள வீட்டில் கூடுதலாக ஒன்று. தாத்தா திட்டுவதும், சந்தேகப்படுவதும், பெயரை மறப்பதும் நோயின் வேலை. அதை மூளையில் நடக்கும் மாற்றமாக விளக்கினால்தான் பிள்ளை மனதில் அந்தச் சொற்கள் தங்காது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் "இப்பதானே சொன்னேன்" என்று திருத்த வேண்டாம், புதிதாகக் கேட்டதுபோல் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பலாம். "அப்பா எங்கே?" என்று இறந்துபோன தன் அப்பாவைத் தாத்தா தேடினால், "உங்க அப்பாவைப் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டாலே போதும், பல நேரம் அவர் அமைதியாகிவிடுவார்.

படி 4: செய்துகாட்டிக் கற்றுக்கொடுங்கள்

எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பாட்டியைத் தூக்கி உட்காரவைக்க நான் அவர் இடது கையைப் பிடித்து இழுப்பேன். அவர் ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பார், பாவம், ஒன்றும் சொல்ல மாட்டார். பல மாதம் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துவிட்டு, "விழுந்த கையை இழுத்தா தோள்பட்டை மூட்டு இறங்கிடும்மா" என்றார். அங்கே தசை தளர்ந்து போயிருப்பதால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கிறது, அதை நாமும் இழுத்தால் என்ன ஆகும்? அன்று எனக்கு வந்த குற்ற உணர்ச்சி இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால்தான் இந்தப் படி நீளமாக இருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட்டோ நர்ஸோ வரும் நேரத்தில் பிள்ளையும் இருக்கட்டும். முதலில் பார்க்கட்டும், பிறகு கூடச் செய்யட்டும், அப்புறம் நீங்கள் பார்க்கச் செய்யட்டும். மூன்று முறை சரியாகச் செய்தபிறகுதான் அந்த வேலை இரண்டாம் பட்டியலில் ஏற வேண்டும்.

*புரட்டிப் படுக்கவைப்பது.* நோயாளியின் அடியில் தோள் முதல் தொடை வரை வரும்படி ஒரு விரிப்பை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஆளைப் பிடித்து இழுக்காமல் அந்த விரிப்பைப் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். ஆளுக்கொரு பக்கம் இருவர் நின்று, விரிப்பின் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடித்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நோயாளிக்கும் கேட்கும்படி எண்ணி, சேர்ந்து நகர்த்துங்கள். பக்கவாட்டில் திருப்பும்போது தூரத்து முழங்காலை மடக்கி வைத்தால் இடுப்பு தானாகத் திரும்பும், பாதி பலம் போதும். திருப்பியபின் முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. விழுந்த கையை இன்னொரு தலையணை மேல் தாங்கலாக வையுங்கள்.

தானாக அசைய முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவது பொதுவான வழக்கம். மெத்தையையும் தோலின் நிலையையும் பொறுத்து நர்ஸ் வேறு இடைவெளி சொல்லலாம். திருப்பும்போதே வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு, தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் சரி. அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அங்கே சூடும் கெட்டித்தன்மையும் கைக்குத் தெரியும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. நல்லது என்று நினைத்துத் தேய்த்தால் உள்ளே சிதைவு கூடும். பிள்ளையின் வேலை கண்டதைச் சொல்வதோடு முடிந்தது.

*உடை மாற்றுவது.* மேல்சட்டை அளவுக்குப் பிள்ளை உதவலாம். போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது விழுந்த கை கடைசியில். இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதி வலி குறையும்.

*சக்கர நாற்காலி.* மாற்றும் முன் இரண்டு பக்க பிரேக்கும் போட்டாயிற்றா, கால்பலகை மடித்தாயிற்றா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கப் பழக்குங்கள்.

*ஊட்டுவது.* படுத்த நிலையில் எதுவும் கொடுக்கக் கூடாது. நேராக உட்காரவைத்து, சிறு சிறு வாயாக, ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்தது. பக்கவாதம் வந்தவருக்கு உணர்வில்லாத கன்னத்துக்குள் உணவு ஒதுங்கிக்கொள்ளும், முடித்ததும் வாயைப் பார்க்க வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். விழுங்கும்போது இருமல், குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, இவை உணவு தவறான வழியில் போவதன் அடையாளம். நிறுத்திவிட்டுப் பெரியவரைக் கூப்பிட வேண்டும்.

*மாத்திரை.* வாரத்துக்கான டப்பாவில் மாத்திரையை நிரப்புவது எப்போதும் பெரியவரின் வேலை. பிள்ளை கொடுக்கும்போது சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்ற ஐந்தையும் பார்த்து, கொடுத்தவுடன் நோட்டில் குறிக்க வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். "மறந்துட்டேன்" என்று சொன்னதற்குத் திட்டிவிடாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். விழுங்கச் சிரமப்படுகிறார் என்று மாத்திரையைப் பொடிப்பதற்கும் முன்கூட்டியே மருந்தாளுநரைக் கேட்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாளைக்கான மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. அதை நீங்கள் செய்தால் பிள்ளையும் செய்யும்.

படி 5: ஒரே ஒரு அவசரக் காகிதம்

பிள்ளை தனியாக இருக்கும்போது என்ன நடக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டு, ஒரு பக்கத்துக்குள் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மேலே பெரிய எழுத்தில் ஆம்புலன்ஸ் எண், வீட்டு முகவரி (பதற்றத்தில் சொந்த முகவரியே வராது), உடனே வரக்கூடிய இரண்டு பெரியவர்களின் எண்கள். கீழே நோய்க்கு ஏற்ற குறிப்புகள்.

பக்கவாதம்: சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது.

வலிப்பு: சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அழுத்திப் பிடிக்கவோ வாயில் எதையும் வைக்கவோ கூடாது. 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

சர்க்கரை குறைதல்: 70 மி.கி.க்குக் கீழே, நினைவு இருக்கிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. நினைவில்லை என்றால் வாயில் எதுவும் போடாமல் ஆம்புலன்ஸ்.

கீழே விழுந்துவிட்டால்: தூக்க வேண்டாம். தலையணை கொடுத்து, போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து, போன் செய்ய வேண்டும்.

இந்தக் காகிதத்தை மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். இன்னொன்றையும் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் நீ செய்ய வேண்டியது எங்களைக் கூப்பிடுவதுதான். காப்பாற்றுவது உன் வேலை இல்லை." நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் காலம் முழுக்க அந்த வாக்கியம்தான் பிள்ளையைத் தாங்கும்.

படி 6: தூக்கத்துக்கும் படிப்புக்கும் வேலி போடுங்கள்

13 முதல் 18 வயதுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவமடையும்போது உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. ஆக, இந்த வயதில் சீக்கிரம் தூங்குவதும் கஷ்டம், காலையில் எழுவதும் கஷ்டம். இதற்கு நடுவே இரவு 2 மணிக்கு எழுப்பினால், மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருப்பது வெறும் உடம்புதான். பிள்ளை நோயாளியின் அறையில் படுக்க வேண்டாம். இரவு முறையைப் பெரியவர்கள் மாற்றி மாற்றி எடுங்கள். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் பெரியவர் என்றால், வாரத்தில் இரண்டு இரவாவது வெளியிலிருந்து ஒருவரைக் கேளுங்கள். கேட்பது அவமானம் இல்லை.

பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியருக்காவது விஷயத்தைச் சொல்லுங்கள். யாரிடம் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வீட்டுப்பாடத்துக்குக் கூடுதல் நாள், அவசரத்துக்கு போன் எடுக்க அனுமதி, விடுப்பு எடுத்தால் குறிப்புகள் கிடைப்பது, இவை கேட்டால் கிடைக்கக்கூடியவை. சொல்லாவிட்டால் தாமதமாக வருபவள், தூங்கி வழிபவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும். கல்வி, ஓய்வு, விளையாட்டு, தன்னைப் பாதிக்கும் முடிவில் தன் கருத்தைச் சொல்வது எல்லாம் அதில் உரிமையாகவே இருக்கின்றன. இங்கிலாந்து ஒரு படி மேலே போய், 2014இல் கொண்டுவந்த சட்டத்தில், வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி அமைப்பே மதிப்பிட வேண்டும் என்று வைத்தது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாமல் இருக்கலாம். அந்த மதிப்பீட்டை உங்கள் வீட்டில் நீங்கள் செய்யத் தடை எதுவும் இல்லை.

வாரத்தில் ஒரு முழு அரைநாள் பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். வெளியே போகும்போது, "சீக்கிரம் வந்துடு" என்ற வார்த்தை வேண்டாம். வரும் நேரத்தை முன்பே பேசிவிட்டு, அதற்குள் போன் செய்யாமல் இருங்கள்.

படி 7: மனதில் இருப்பதைச் சொல்ல இடம் கொடுங்கள்

பராமரிக்கும் பிள்ளைக்குக் கோபம் வரும், அருவருப்பு வரும். "இதெல்லாம் எப்போ முடியும்" என்று தோன்றும், முடிவது என்றால் என்ன என்று புரிந்து உடனே தன்மேலேயே வெறுப்பு வரும். இதை யாரிடமும் சொல்ல முடியாமல் நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கிழித்துப்போடுவேன். "எனக்கும் சில நாள் அப்படித்தான் தோணுது" என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தால் எவ்வளவோ லேசாகியிருக்கும். நீங்கள் சொல்லுங்கள்.

அதற்காக உங்கள் பாரத்தையெல்லாம் பிள்ளையிடம் இறக்கக் கூடாது. கடன் எவ்வளவு, அப்பாவோடு என்ன மனத்தாங்கல், யார் பணம் தரவில்லை போன்றவற்றுக்கு உங்கள் வயதில் ஒருவரைத் தேடுங்கள். "எனக்கு இன்னைக்குக் கஷ்டமா இருக்கு, நான் சித்திகிட்ட பேசிக்கறேன்" என்ற வாக்கியம் போதும். உண்மையும் சொல்லியாயிற்று, அதைச் சுமக்க வேறு ஆள் இருக்கிறார் என்பதும் பிள்ளைக்குத் தெரிந்தாயிற்று.

பெண் பிள்ளையிடம் மட்டுமே வேலை போகிறதா என்றும் பாருங்கள். முதல் வார நோட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். அண்ணனுக்கு மருந்துக்கடை, தங்கைக்கு மற்ற எல்லாம் என்றிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

படி 8: இந்த அறிகுறிகளைக் கண்டால் வேலையை உடனே குறையுங்கள்

மதிப்பெண் திடீரென்று சரிவது, நண்பர்களை விட்டு விலகுவது, காரணமில்லாத தலைவலி வயிற்றுவலி, முதுகுவலி, சாப்பாடு குறைவது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது. இவை எளிதில் கண்ணில் படும். படாத ஒன்று உண்டு, அது அளவுக்கு மீறிய நல்ல பிள்ளைத்தனம். எதையும் கேட்காத, எதற்கும் மறுக்காத, வெளியே போகவே விரும்பாத பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். "நான் இல்லாம இவங்களுக்கு ஆகாது" என்று சொல்லத் தொடங்கினால் பாரம் கை மாறிவிட்டது. சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அதைப் பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, தைரியமாகக் கேளுங்கள்.

பட்டியலை மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். நோய் மாறும், தேர்வு வரும், பிள்ளையும் வளரும். நோயாளி பேசக்கூடியவர் என்றால் அவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். பேத்தி தன்னால் கஷ்டப்படுகிறாள் என்ற எண்ணத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்கும் பெரியவர்கள் உண்டு.

படி 9: பராமரிப்பு முடிந்த பிறகு

நோயாளி தேறினாலும் சரி, இறந்துபோனாலும் சரி, பிள்ளையின் கையிலிருந்து ஒரு பெரிய வேலை ஒரே நாளில் போய்விடும். எல்லோரும் பெரியவர்களைத் தேற்றுவார்கள், பிள்ளையிடம் "இனிமே நல்லாப் படி" என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அவர் செய்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். "உன்னாலதான் பாட்டிக்குக் கடைசி வரைக்கும் முதுகில் ஒரு புண்ணும் வரல" என்பது மாதிரி. மாத்திரை டப்பாவையும் சக்கர நாற்காலியையும் அகற்றும் முன் பிள்ளையைக் கேளுங்கள். நோட்டை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கொடுங்கள். சில மாதங்களுக்குத் தூக்கத்தையும் பள்ளியையும் கவனியுங்கள்.

பாட்டி போனபிறகு நான் வெகுநாள் இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டிருந்தேன். புரட்டிவிட வேண்டிய நேரம் அது. ஒரு ராத்திரி எழுந்து, காலியாக இருந்த அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா வந்து விளக்கைப் போடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ செஞ்சது எனக்குத் தெரியும். உன்கிட்ட அவ்வளவும் கொடுத்திருக்கக் கூடாது" என்றார். அதன்பிறகு ஒரு வாரம் 2 மணிக்கு அவரும் என்கூட எழுந்தார். எட்டாம் நாள் நான் விடிந்துதான் எழுந்தேன்.